காற்றைக் கொண்டு மூளையைக் கண்ட மருத்துவர்

சென்ற ஆண்டு நான் குழந்தைகள் பிரிவில் பயிற்சியில் இருந்தபோது ஒரு தாய் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எட்டு மாதக் குழந்தை அவர் மடியில் உறங்கிக்கொண்டிருந்தது. அதன் தலை வயதுக்கு மிஞ்சிப் பெருத்திருந்தது. எம்.ஆர்.ஐ. படமும் அதனுடன் வந்த அறிக்கையும் அவர் கையில் இருந்தன. அறிக்கையின் கடைசி வரியில் டாண்டி-வாக்கர் என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்து, இது யாருடைய பெயர், இதே நோய் வந்த வேறொரு குழந்தையின் பெயரா என்று அவர் இந்தியில் கேட்டார்.

அந்த நோயின் இலக்கணம் எனக்குத் தெரியும். தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் டாண்டி யார் என்பது எனக்குத் தெரியாது. அது ஒரு டாக்டரின் பெயர் என்று என் அரைகுறை இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். அந்த வெட்கந்தான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது. அங்கே அறிந்ததை நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மருத்துவம் பயிலாத நண்பர்களும் இதைப் படிக்கலாம். கடினமான பெயர்களை இயன்றவரை விலக்கியே எழுதுகிறேன்.

உடலில் மூளைக்கு அமைந்திருக்கும் காவல் வேறு எந்த உறுப்புக்கும் இல்லை. வயிறு வீங்கினால் கையால் அழுத்திப் பார்க்கலாம். இதயம் தடுமாறினால் குழலை வைத்துக் கேட்கலாம். மூளையோ எலும்புப் பேழைக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 1895இல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தபோது, உடலைத் திறக்காமலே உள்ளே பார்க்கலாம் என்று உலகம் மகிழ்ந்தது. மூளையைப் பொறுத்தவரை அந்த மகிழ்ச்சி நிறைவேறவில்லை. மூளையின் சதையும் அதனுள் இருக்கும் நீரும் அந்தக் கதிருக்கு ஏறக்குறைய ஒன்றே. ஆகவே தலையைப் படமெடுத்தால் மண்டையோடு தெரியும், மூளை தெரியாது. ஒரு குழந்தையின் மூளையில் என்ன குறை இருந்தது என்பதை மருத்துவர்கள் பெரும்பாலும் அக்குழந்தை இறந்த பின்னரே கண்டார்கள். சாவுக்குப் பின் கண்டதை உயிர் இருக்கும்போதே காண வழி செய்தவர் வால்ட்டர் எட்வர்ட் டாண்டி.

அவர் 1886ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அமெரிக்காவில், மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த செடேலியா என்னும் ஊரில் பிறந்தார். அது ரயில்வேயால் வளர்ந்த ஊர். தந்தை ரயில் எஞ்சின் ஓட்டுநர். இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர். தாய் அயர்லாந்திலிருந்து வந்தவர். அவர்களுக்கு இவர் ஒரே மகன். 1903இல் பள்ளியில் முதல் மாணவராகத் தேறினார். 1907இல் மிசூரி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அதே ஆண்டு பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். அவருடைய தகுதியைக் கண்டு இரண்டாம் ஆண்டு வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார்கள். 1910இல், தம் 24ஆம் வயதில், மருத்துவரானார்.

அந்நாளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவத்தின் தலைவராக வில்லியம் ஹால்ஸ்டெட் இருந்தார். மூளை அறுவையைத் தனித்துறையாக்கிய ஹார்வி குஷிங்கும் அங்கேதான் இருந்தார். டாண்டி முதலில் குஷிங்கின் ஆய்வுக்கூடத்தில் ஓராண்டு உழைத்தார். பிறகு மருத்துவமனையில் அவருக்கு உதவியாளரானார். குருவும் சீடரும் இருவருமே கூர்மையான அறிவினர், இருவருமே முன்கோபிகள். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்குமா? 1912இல் குஷிங் பாஸ்டன் நகரத்துப் புதிய மருத்துவமனைக்குத் தலைவராகப் புறப்பட்டார். தாமும் உடன் செல்வதாகவே டாண்டி எண்ணியிருந்தார். கடைசி நேரத்தில், அவருக்கு அங்கே இடம் இல்லை என்று தெரிந்தது. பால்டிமோரிலும் அவருக்கென்று வேலை எதுவும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கவில்லை. மருத்துவமனையின் நிர்வாகி இரக்கப்பட்டுத் தங்க ஓர் அறை கொடுத்தார்.

பதவி இல்லை, செய்ய வேண்டிய வேலை என்று யாரும் எதையும் தரவில்லை. இப்படி நின்ற காலத்தில்தான் டாண்டி தம் வாழ்நாளின் சிறந்த பணிகளுள் ஒன்றைத் தொடங்கினார். கென்னத் பிளாக்ஃபன் என்னும் குழந்தை மருத்துவர் அவருக்குத் துணையானார். இருவரும் எடுத்துக்கொண்ட பொருள், குழந்தைகளின் தலையில் நீர் கோத்துக்கொள்ளும் நோய். மண்டையோட்டின் எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று இறுகாத பருவத்தில் இந்நோய் வந்தால் தலை பெருத்துக்கொண்டே போகும். விழிகள் மறையும் சூரியனைப் போலக் கீழே இறங்கிவிடும். அந்த நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதே அப்போது தெளிவாகத் தெரியாது.

இதை நம் வயற்காட்டைக் கொண்டு விளக்கலாம். மூளைக்குள் நான்கு அறைகள் உண்டு. அவற்றில் நீர் ஓயாமல் ஊறுகிறது. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் குறுகிய வாய்க்கால் வழியாக அது ஓடி, கடைசி அறையின் மடைகள் வழியே வெளிவந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து, இறுதியில் இரத்தத்தோடு கலக்கிறது. மடை அடைபட்டால் வயல் மூழ்குமல்லவா? டாண்டி நாய்களிடம் இதைச் சோதித்தார். மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் இடையேயுள்ள நுண்ணிய வாய்க்காலைச் சிறு பஞ்சுத் துணுக்கால் அடைத்தார். அடைப்புக்கு முன்னால் இருந்த அறைகள் வீங்கின. நோயின் காரணம் கைக்குக் கிடைத்தது.

பிறகு குழந்தைகளிடம் வந்தார்கள். மூளையறைக்குள் தீங்கற்ற சாயம் ஒன்றைச் சிறிதளவு செலுத்தி, சில நிமிடங்கள் கழித்து முதுகுத்தண்டிலிருந்து நீரை எடுத்துப் பார்த்தார்கள். சாயம் அங்கே வந்திருந்தால் வழி திறந்திருக்கிறது. உறிஞ்சும் இடத்தில்தான் குறை. சாயம் வரவில்லையென்றால் வழியில் அடைப்பு. இந்நோயில் இரு வகை உண்டு என்று அவர்கள் 1913இலும் 1914இலும் வெளியிட்ட முடிவை இன்றைக்கும் நாங்கள் பாடமாகப் படிக்கிறோம்.

1914இல் வெளியான கட்டுரையில் 13 மாதப் பெண் குழந்தை ஒன்றைப் பற்றிய செய்தி உண்டு. அக்குழந்தையின் நான்காம் அறை ஒரு பெரிய நீர்ப்பையைப் போல விரிந்திருந்தது. நான் பார்த்த எட்டு மாதக் குழந்தைக்கு வந்த நோய் அதுவே. ஏறத்தாழ 25,000 முதல் 35,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. சிறுமூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நடுப்பகுதி சரியாக வளராமல் போகிறது. அந்த இடத்தை நீர்ப்பை நிரப்பிவிடுகிறது.

சாயத்தால் அடைப்பு உண்டா இல்லையா என்று அறியலாம்; அது எந்த இடத்தில் என்று அறிய முடியாது. டாண்டிக்கு இது போதவில்லை. மூளையறைகளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர் தவித்தார். எக்ஸ் கதிரைத் தடுக்கும் பொருள் ஏதாவது அறைகளுக்குள் புகுந்தால் அவற்றின் வடிவம் படத்தில் விழுமே என்று, பிஸ்மத், தோரியம், அயோடைடு உப்பு என ஒவ்வொன்றாக நாய்களிடம் செலுத்திப் பார்த்தார். மூளை அவற்றைத் தாங்கவில்லை. நாய்கள் மாண்டன. அவ்வழி மூடிவிட்டது.

வேறு வழியை அவருக்குக் காட்டியது வயிறு. குடலில் தேங்கும் வாயு எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பையும் மறைத்துக்கொண்டு கறுப்பாக விழுவதை ஹால்ஸ்டெட் அடிக்கடி சுட்டிக்காட்டுவது வழக்கம். எத்தனையோ பேர் அதைக் கேட்டிருப்பார்கள். டாண்டி அதைத் தலையோடு பொருத்திப் பார்த்தார். கதிரைத் தடுக்கும் பொருளைத் தேடி அலைந்தது போதும்; கதிரைத் தடையின்றி விடும் பொருளை வைத்தால் என்ன? நீரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றைச் செலுத்தினால், சதை ஒரு நிறமாகவும் அறை ஒரு நிறமாகவும் படத்தில் பிரியும். காற்று மூளையை அரிக்காது. சில நாட்களில் தானே உறிஞ்சப்பட்டு மறைந்தும் போகும்.

முதன்முதலில் இது செய்யப்பட்டது குழந்தைகளுக்கு. ஆறு மாதம் முதல் 12 வயது வரை உள்ளவர்கள். பெரியவர்களுக்கு மண்டையோட்டைத் துளைக்க வேண்டும். கைக்குழந்தைக்கோ நம் பாட்டிமார் எண்ணெய் வைத்துத் தேய்க்கும் உச்சிக்குழி இருக்கிறது. எலும்பு மூடாத அந்த இடத்தின் வழியே ஊசியைச் செலுத்தி, கொஞ்சம் நீரை எடுப்பதும் அதே அளவு காற்றைச் செலுத்துவதுமாக, அறைக்குள் இருந்த அழுத்தம் மாறாதபடி செய்தார். காற்று எப்போதும் மேலே ஏறும். ஆகவே தலையை ஒரு பக்கம் சாய்த்தால் ஓர் அறை தெரியும். மறுபக்கம் திருப்பினால் மற்றோர் அறை தெரியும். அறை வீங்கியிருக்கிறதா, கட்டி ஒன்று அதை ஒரு பக்கமாகத் தள்ளுகிறதா, காற்று எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதெல்லாம் படத்தில் விழுந்தன. 1918 ஜூலையில் இதை வெளியிட்டபோது டாண்டிக்கு வயது 32. அடுத்த ஆண்டே, முதுகுத்தண்டின் வழியாகக் காற்றைச் செலுத்தி மூளையின் வெளிப்புறத்தையும் படமெடுக்கும் முறையை வெளியிட்டார்.

இதுவரை படித்தபோது எனக்கும் பெருமிதமாகத்தான் இருந்தது. அதன்பின் படித்தவை என்னைத் தூங்கவிடவில்லை. காற்றுப் படம் எடுத்துக்கொள்வது எளிதன்று. தாங்க முடியாத தலைவலி வரும், வாந்தி வரும், அது தணியச் சில நாட்கள் ஆகும். தலைக்குள் அழுத்தம் மிகுந்திருந்த நோயாளிகளுள் சிலர் இம்முறையாலேயே இறந்தும் போனார்கள். பிற்காலத்தில் நோயாளியை நாற்காலியோடு கட்டித் தலைகீழாகவும் சுழற்றும் இயந்திரங்கள் வந்தன. காற்றை விரும்பிய அறைக்கு அனுப்புவதற்காக. இன்று நாங்கள் படிக்கும் எழுத்துமூல ஒப்புதலும் நெறிமுறைக் குழுவும் 1918இல் இல்லை. ஊசி இறங்கிய குழந்தைகள் வாய்பேசத் தெரியாதவர்கள். அவர்களுடைய தாய்மார்களிடம் என்ன சொல்லப்பட்டிருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் வார்டில் கண்ட தாயின் முகமே எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. பார்க்காமல் இருந்தால் அக்குழந்தைகள் நலமாக இருந்திருப்பார்களா? தலை பெருத்து, பார்வை மங்கி, மெல்ல மெல்ல மடிவதே அவர்களுள் பலருடைய விதியாக இருந்தது. மூளையில் கட்டி இருப்பவரை அது எங்கே இருக்கிறது என்று தெரியாமலே அறுத்துத் தேடுவதும், கிடைக்காமல் மூடிவிடுவதும் அந்நாளில் நடந்தவையே. குருட்டுத்தனமாகக் கத்தி வைப்பதைவிட, ஆபத்து இருந்தாலும் முதலில் பார்த்துவிடுவது மேல் என்பது டாண்டியின் துணிபு. ஆபத்து எவ்வளவு என்பதை அவர் சில வேளை குறைத்தே மதிப்பிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி நேர்மையானது. அதற்கு அவரைவிட நல்ல விடை வைத்திருந்தவர் அன்று எவருமில்லை.

எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் பழைய குரு குஷிங்கே. காற்று முறை ஆபத்தானது, கண்டவர்களெல்லாம் கையாளத் தொடங்கினால் கேடு விளையும் என்று அவர் எச்சரித்தார். நோயாளியை நன்றாகச் சோதித்து, நடையும் பார்வையும் நரம்பும் கூறும் குறிகளிலிருந்தே நோயின் இடத்தை ஊகிக்கும் கலை இதனால் மழுங்கிவிடும் என்பதும் அவருடைய கவலை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1922இல் செவி நரம்பில் வரும் கட்டியை முழுதாக எடுப்பது பற்றி டாண்டி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். அதில் தம்முடைய பணிக்கு உரிய இடம் தரப்படவில்லை என்று குஷிங் கடுமையாகக் கடிதம் எழுதினார். அந்தப் புண் இறுதிவரை ஆறவில்லை.

பார்த்தாயிற்று, அடுத்து என்ன? டாண்டியின் வாழ்க்கையில் துயரமான பகுதி இதுதான். காணும் வழி கிடைத்த அளவுக்குத் தீர்க்கும் வழி அவருக்குக் கிடைக்கவில்லை. நீர் ஊறும் இடத்தையே அறுத்து எடுத்துவிடலாம் என்று 1918இல் முயன்றார். அந்தக் குழந்தைகளில் பலர் பிழைக்கவில்லை. 1922இல் மூன்றாம் அறையின் சுவரில் துளையிட்டு நீருக்குப் புதிய மடை வெட்டிப் பார்த்தார். சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழல்கருவியை மூளையறைக்குள் செலுத்தி நேராகப் பார்க்கவும் அவ்வாண்டே முயன்றார். கருவிகள் அவருடைய எண்ணத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. நீரை வேறிடத்துக்கு வடிக்கும் வால்வு வைத்த குழாய் அவர் காலத்துக்குப் பின்னரே வந்தது. மூன்றாம் அறையில் மடை வெட்டும் சிகிச்சை இன்று நுண்ணிய உள்நோக்குக் கருவிகளால் எத்தனையோ குழந்தைகளுக்குச் செய்யப்படுகிறது. அதன் முதல் வரைபடத்தைப் போட்டவர்களுள் டாண்டி ஒருவர்.

பெரியவர்களின் மூளை அறுவையிலும் அவர் பெயர் நிலைத்தது. 1920களில் அறுவை முடிந்தவர்களை இரவு பகலாகக் கவனிக்கத் தனியே மூன்று படுக்கைகள் கொண்ட பிரிவு ஒன்றை ஏற்படுத்தினார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அது முன்னோடி. 1937இல் மூளையின் இரத்தக் குழாயில் ஏற்பட்ட வீக்கத்தை வெள்ளிக் கவ்வியால் கவ்வி அடைத்து வென்றார். அந்த வகைக் கவ்வியை முதலில் உருவாக்கியவர் குஷிங் என்பது விந்தை. காற்று முறைக்காக 1933இல் டாண்டியின் பெயர் நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. அறுவைக்கூடத்தில் உதவியாளர்களைச் சீறி விழுவார் என்று பெயர் எடுத்தவர், வீட்டில் நான்கு குழந்தைகளுக்கு அன்பான தந்தை. 1946 ஏப்ரல் 19ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். 60 வயது நிறைந்து இரண்டு வாரமே ஆகியிருந்தது.

அவர் பெயரோடு இணைந்து நிற்கும் வாக்கர் யார் என்று கேட்கலாம். டாண்டி பார்த்த அதே குறையை 1942இல் டாகர்ட் என்பவரும் ஏர்ல் வாக்கர் என்பவரும் மீண்டும் ஆராய்ந்து எழுதினார்கள். டாண்டி மறைந்த மறு ஆண்டு, அவர் பணியாற்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலேயே மூளை அறுவைப் பிரிவின் தலைமைக்கு வந்தவர் அந்த வாக்கர்தான். 1954இல் பெண்டா என்னும் மருத்துவர் இருவர் பெயரையும் சேர்த்து நோய்க்குச் சூட்டினார். தம் பெயரால் இப்படி ஒரு நோய் வழங்கப் போவது டாண்டிக்குத் தெரியாது.

காற்று முறை அவருக்குப் பின்னும் கால் நூற்றாண்டு ஆட்சி செய்தது. 1971 அக்டோபர் 1ஆம் நாள் லண்டனில் ஒரு மருத்துவமனையில், ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியியலாளர் அமைத்த சி.டி. கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. ஊசியில்லை, காற்றில்லை, வாந்தியில்லை. எழுபதுகள் முடிவதற்குள் காற்றுப் படம் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. அடுத்து வந்த எம்.ஆர்.ஐ., கதிரும் இல்லாமல், காந்தத்தைக் கொண்டு மூளையின் ஒவ்வொரு மடிப்பையும் காட்டுகிறது. சிறுமூளையின் நடுப்பகுதி வளர்ந்திருக்கிறதா இல்லையா என்பதை இன்று மாணவனாகிய நானும் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஜூபெர்ட் என்ற மற்றோர் அரிய நோயில் மூளைத்தண்டு கடைவாய்ப்பல்லின் வடிவில் படத்தில் விழும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. கருவில் இருக்கும்போதே ஒலியலைக் கருவியால் இத்தகைய குறைகள் பலவற்றைக் காண முடிகிறது.

பிறந்த குழந்தையின் மூளையை ஒலியலையால் பார்க்க நாங்கள் கருவியை எங்கே வைக்கிறோம் தெரியுமா? உச்சிக்குழியின்மேல். நூறாண்டுக்கு முன் டாண்டியின் ஊசி இறங்கிய அதே வாசல். இப்போது குழந்தை விழித்துக்கொள்வதுகூட இல்லை.

நண்பர்களே, நோயைக் காண்பது வேறு, தீர்ப்பது வேறு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் டாண்டியின் காலத்தில் பெரிதாக இருந்தது. அரிய மூளை நோய்கள் பலவற்றுக்கு இன்றும் பெரிதாகவே இருக்கிறது. பளிச்சென்ற படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்ல நேரும் நாட்களை என் ஆசிரியர்களிடம் கண்டிருக்கிறேன். எனினும் காணாமல் தீர்ப்பது ஒருநாளும் நடவாது.

மறுநாள் நான் அந்தத் தாயைத் தேடிச் சென்றேன். நல்ல வேளையாக இன்னும் வார்டில்தான் இருந்தார். குழந்தைக்குக் குழாய் வைக்க நாள் குறித்திருந்தார்கள். அருகில் அமர்ந்து, டாண்டி என்பவர் இதுபோன்ற குழந்தைகளின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தே தீர வேண்டும் என்று பாடுபட்ட ஒரு டாக்டர், ரயில் ஓட்டுநரின் மகன் என்று சொன்னேன். அந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு அது மிகவும் வலித்தது என்பதையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உறங்கும் குழந்தையின் உச்சியைத் தடவிக்கொண்டே, அந்தக் குழந்தைகளின் பெயர்களையும் எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

இந்த முறையும் என்னிடம் விடை இல்லை.